அப்பெண்டிக்ஸ் என்று சொன்னோம்

கார்டன் ரீச்,
2 மார்ச் 2025

அன்புள்ள மாதங்கிக்கு,

அண்ணன் வாஞ்சிநாதன் எழுதுவது. என் எண்ணை நீ போனில் தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. உன் அண்ணி அனந்தலக்ஷ்மியின் போனிலிருந்தாவது கூப்பிட்டிருக்கலாம். நாலு தடவை கையில் எடுத்தேன், வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வருமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். அவள் காளிகாட் கோயிலுக்குப் போயிருக்கிறாள். ஜனவரிக்குப் பிறகு ஞாயிறு தவறாமல் போகிறாள்.

பொங்கல் சமயத்தில் எங்கள் பையன் ஜெயந்துக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனதாக அவள் உனக்குச் செய்தி அனுப்பினாள். நீயும் சீக்கிரம் குணமாகட்டும் என்று பதில் போட்டாய். அது அப்பெண்டிக்ஸ் அல்ல.

ஆண் பிள்ளைகளுக்கு வரக்கூடிய ஒரு கோளாறு. நாங்கள் கொண்டுபோன நேரம் தப்பிவிட்டது. ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். நீ நர்ஸ், இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் மன்றத்திலும் ஆபீசிலும் ஊரில் அம்மாவிடமும் அப்பெண்டிக்ஸ் என்றே சொல்லியிருக்கிறோம். அப்படிச் சொல்லலாம் என்று முடிவு செய்தவன் நான்தான்.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான், வருகிறான். கால்பந்தை விட்டுவிட்டான். தெருப் பையன்கள் வாசலில் வந்து கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று என்னையே சொல்லச் சொல்கிறான். எங்களோடு தமிழில் பேசுவதில்லை. எது கேட்டாலும் வங்காளியில் ஒரு வார்த்தை, பெரும்பாலும் 'கிச்சு நா', ஒன்றுமில்லை என்று. ஒன்றுமில்லாத முகமாக அது இல்லை.

அவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதலில் குளிப்பாட்டியது நீ. உன்னிடம் அவன் பேசுவான். ஒருநாள் வந்து அவனோடு உட்கார்ந்து பேச முடியுமா? நமக்குள் நடந்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாஞ்சிநாதன்

நியூ டவுன்,
9 மார்ச் 2025

அண்ணா,

கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று நாளாகக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். பஸ்ஸில் எடுத்துப் படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஏர்போர்ட் வரை போய்விட்டேன். என் ஜெயந்துக்கா?

"நமக்குள் நடந்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாய். நமக்குள் நடந்தது வேறு, இது வேறு என்று உன்னால் எப்படிப் பிரிக்க முடிகிறது? போன வருஷம் ஆகஸ்டில் நான் என்ன கேட்டேன்? ஊரை விட்டு வந்திருக்கும் நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, பதினொன்றிலிருந்து பதினேழு வயது வரை, மன்றத்தின் ஹாலில் நாலு சனிக்கிழமை உடம்பைப் பற்றிய வகுப்பு. வீட்டில் பேசும் தமிழில். முதல் சனிக்கிழமை பெற்றோர்களுக்காக உறுப்புகளின் பெயர்களைப் பலகையில் எழுதினேன். அதற்குத்தான் பதினாலு பேர் கையெழுத்துப் போட்டு நான் வேலை பார்க்கும் சுகாதார அலுவலகத்துக்கு மனு அனுப்பினீர்கள். "கூசத்தக்க சொற்களைப் பெண்கள் முன்னிலையில் கூச்சமின்றி உச்சரித்தார்." அந்த வாக்கியம் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? மன்றத்தின் செயலாளர் நீ. முதல் கையெழுத்தும் உன்னுடையது. அக்டோபரிலிருந்து நான் வகுப்பு எடுப்பதில்லை, கோப்பு அடுக்குகிறேன்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். "ஒரு கோளாறு." "ஒரு பக்கம்." எதன் ஒரு பக்கம், அண்ணா? எழுது. உனக்கே எழுத வராவிட்டால் அவனுக்குச் சொல்ல எப்படி வந்திருக்கும்?

நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? யாரிடம், என்ன சொன்னான்? ஆபரேஷனுக்குப் பிறகு அவனிடம் யாராவது உட்கார்ந்து விளக்கினார்களா? இல்லை, அவனிடமும் அப்பெண்டிக்ஸ் என்றே சொன்னீர்களா?

மாதங்கி

கார்டன் ரீச்,
16 மார்ச் 2025

அன்புள்ள மாதங்கிக்கு,

நீ கேட்டபடி எழுதுகிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு. மன்றத்தின் பொங்கல் விழா. நிகழ்ச்சிகளை அறிவிக்கும் பொறுப்பை ஜெயந்துக்குக் கொடுத்திருந்தேன். அவனுக்குத் தமிழ் வேகமாக வாசிக்க வராது என்பதால் வங்காளி எழுத்தில் எழுதிவைத்துப் பத்து நாளாகப் பழக்கினேன். அவனுக்கு அதில் இஷ்டம் இல்லை. செயலாளர் மகன் மேடையில் தமிழ் பேச வேண்டும் என்பது என் ஆசை.

காலை எட்டு மணிக்கு வயிறு வலிக்கிறது என்றான். அனந்தலக்ஷ்மி ஓமத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்து வாந்தி எடுத்தான். "எங்க வலிக்குது, காட்டு" என்று அவள் கேட்டாள். தொப்புளுக்குக் கீழே கையை வைத்தான். சொல்ல வந்தமாதிரி என்னைப் பார்த்தான். நான் வேஷ்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். "மேடை ஏற பயந்துக்கிட்டு நடிக்காதே. கெளம்பு" என்றேன்.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன் அண்ணிக்குத் தெரியும், அவள் அந்த அறையிலேயே இருந்தாள். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹாலில் மேடைக்குப் பின்னால் பாய்க் கட்டின்மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தான். மன்றத்துச் சிவலிங்கம் சாரின் மகள் அவனுக்குப் பதிலாக அறிவிப்புகளைச் செய்தாள். எனக்கு அவன்மேல் கோபமாக இருந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை. அப்போதும் நான் போய்ப் பார்க்கவில்லை. நாலரைக்கு நன்றியுரை முடித்துவிட்டு வந்து "எழுந்திரு" என்றேன். எழுந்தவன் இரண்டு காலையும் அகட்டி வைத்து ரெண்டடி நடந்து சுவரைப் பிடித்துக்கொண்டான். நெற்றியெல்லாம் வியர்வை. அப்போதுதான் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர். "கோதாய் பேதா?" எங்கே வலி என்று கேட்டார். ஜெயந்த் எங்களைப் பார்த்தான். டாக்டர் புரிந்துகொண்டு எங்களைத் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார். நின்றோம். திரைக்குள்ளிருந்து அவன் வங்காளியில் சொன்னது எங்களுக்குக் கேட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மாதங்கி. எட்டரை மணி நேரமாக எங்களிடம் வராத சொல், முன்பின் தெரியாத ஒருவரிடம் வேறு பாஷையில் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது.

விதை முறுக்கிக்கொண்டிருக்கிறது, ரத்த ஓட்டம் நின்று பல மணி நேரம் ஆகிவிட்டது என்றார். ஆறு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம் என்றார். இடது விதையை எடுத்தார்கள். வலது விதை அப்படி முறுக்காமலிருக்கத் தையல் போட்டார்கள்.

எழுதிவிட்டேன்.

அவனுக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை. டாக்டர் அவனிடம் கொஞ்சம் பேசினார் போலிருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் டாக்ஸியில் நான், "யார் கேட்டாலும் அப்பெண்டிக்ஸ்னு சொல்லு" என்றேன். சரி என்று தலையை ஆட்டினான். அவனிடம் அதைப் பற்றி நான் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

வாஞ்சிநாதன்

நியூ டவுன்,
23 மார்ச் 2025

அண்ணா,

உன்னைத் திட்டுவதற்காக ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். கிழித்துப் போட்டுவிட்டேன். திட்டுவதற்கு எனக்கு அருகதை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் சனிக்கிழமை முடிந்ததும் நீயும் சிவலிங்கம் சாரும் என்னிடம் வந்தீர்கள். "பொம்பளப் பிள்ளைங்களுக்கு மாதவிலக்கு பத்திச் சொல்றது சரிம்மா, அவசியம்தான். பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? இல்லாத எண்ணத்த கிளப்பவா?" என்று அவர் கேட்டார். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வகுப்பே நின்றுவிடுமோ என்று பயந்தேன். பெண் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும், பையன்களுக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். உங்கள் கண் முன்னாலேயே, பையன்களுக்கென்று வைத்திருந்த மூன்றாவது சனிக்கிழமையைப் பென்சிலால் அடித்தேன். நீ "தேங்க்ஸ்" என்றாய். அப்படி விட்டுக்கொடுத்தும் மனு போகத்தான் போனது.

அந்தச் சனிக்கிழமைக்கு நான் எழுதிவைத்திருந்த குறிப்பு இப்போது என் முன்னால் இருக்கிறது. நாலாவது வரி: "விதையில் திடீரென்று வலி வந்தால் அது அவசரம். வெட்கப்படாதே, பொறுத்துப் பார்க்காதே. அடிவயிற்றில் வலிப்பது போலவும் இருக்கும், வாந்தி வரலாம். அந்த நிமிஷமே பெரியவர்களிடம் சொல்." வாந்தி என்றுகூட எழுதியிருக்கிறேன், அண்ணா. அந்த வகுப்பு நடந்திருந்தால் ஜெயந்த் ஹாலில் உட்கார்ந்து இதைக் கேட்டிருப்பான். ஐந்து மாதம் கழித்து அவனுக்கு அதுவே நடந்தது.

வெளியாட்கள் யாரும் அவனிடமிருந்து இந்தப் பாடத்தைப் பறிக்கவில்லை. நீ கேட்டாய், நான் விட்டுக்கொடுத்தேன்.

இன்னொன்று. அண்ணியின் செய்தி வந்த அன்று வந்து பார்த்திருக்க வேண்டும். பதினாலு வயசுப் பையன், நான் தூக்கி வளர்த்தவன், ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறான். நான் ஒரு வரி அனுப்பிவிட்டு, நீ வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே வந்திருந்தால் அவன் நடக்கும் விதத்தைப் பார்த்தே புரிந்திருக்கும். இரண்டு மாதம் அவன் தனியாக இருந்திருக்க மாட்டான்.

நான் வருகிறேன். ஆனால் முதலில் பேச வேண்டியது நீதான். நான் வந்து பேசினால், அப்பாவால் சொல்ல முடியாத அளவுக்குக் கேவலமான ஒன்று தனக்கு நடந்திருக்கிறது என்றுதான் அவன் நினைப்பான்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒரு விதை போதும். மீசை வரும், குரல் உடையும், பிற்காலத்தில் கல்யாணம் செய்துகொள்ளலாம், குழந்தை பிறக்கும். விளையாடலாம், அந்த இடத்துக்குக் காப்பு போட்டுக்கொண்டு. எந்த டாக்டரும் இதையே சொல்வார். இது அவன் செய்த எதனாலும் வந்ததில்லை. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதே. அந்த வயதில் பையன்கள் தாங்கள் ஏதோ தப்புச் செய்ததால்தான் இப்படி ஆனது என்று நினைத்துக்கொள்வார்கள். கேட்கவும் மாட்டார்கள்.

அவன் என்ன கேட்டாலும் பொய் சொல்லாதே. வீட்டுக்குள் வைத்துச் சொல்லாதே. நேருக்கு நேர் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

மாதங்கி

கார்டன் ரீச்,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள மாதங்கிக்கு,

உன் கடிதம் வந்து நாலு ஞாயிறு ஆகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் என்று நினைத்து ஏதாவது ஒரு சாக்கில் தள்ளினேன். போன ஞாயிறு காலை அவனைப் படகுத்துறைக்கு அழைத்துப் போனேன். அக்கரைக்குப் போகும் படகுக்காகக் காத்திருப்பவர்கள் உட்காரும் சிமெண்டுப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். இரண்டு படகைப் போகவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

"உனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லணும்" என்றேன்.

"ஜானி" என்றான். தெரியும் என்று.

"என்ன தெரியும்?"

போனில் தேடிப் பார்த்திருக்கிறான். எதிலோ மீசை வராது, குரல் பெண் குரலாகிவிடும் என்று போட்டிருந்ததாம். அதை வங்காளியில் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மூன்று மாதமாகக் காலையில் கண்ணாடி முன்னால் அவன் நிற்பதைப் பார்த்து முகப்பருவுக்காக என்று நினைத்திருந்தேன்.

நீ எழுதியதை வரிசையாகச் சொன்னேன். விதை என்ற சொல்லை முதல் தடவை சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு மீன்காரி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்பது ஞாபகம் வந்து கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். இது நீ செய்த எதனாலும் வந்ததில்லை என்றபோது முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"நெஜமா?"

"நெஜமா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், அவர்கிட்டயே கேளு."

பிறகு தமிழில் சொன்னான். "அன்னிக்கு நீங்க நடிக்காதேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நான் நடிக்கல."

"தெரியும்டா. தப்பு என்னுது."

"அப்பவே சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. இல்லை என்று சொல்ல நாக்கு வந்துவிட்டது. பொய் சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாய். "காப்பாத்தியிருக்கலாம். ஆனா நீ சொல்லாதது உன் தப்பு இல்ல. சொல்ற மாதிரி வீட்ட நான் வெச்சிருக்கல" என்றேன்.

அவன் அழவில்லை. நான்தான் அழுதேன். அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டான், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான். பிறகு வீட்டுக்கு நடந்தோம். என்னை மன்னித்துவிட்டான் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். மே 4 மன்றத்தின் பொதுக்குழு. அதில் எழுந்து நின்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லப்போகிறேன். அப்பெண்டிக்ஸ் இல்லை, என் மகனுக்கு நடந்தது இது, என் கையெழுத்தால் நடந்தது என்று. பிறகு வகுப்பு வேண்டாமென்று ஒருவனும் சொல்ல மாட்டான். எனக்கும் இந்தப் பாரத்தோடு இனி முடியாது.

வாஞ்சிநாதன்

நியூ டவுன்,
24 ஏப்ரல் 2025

அண்ணா,

வேண்டாம். உடனே போய்ச் சேரட்டும் என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

நீ அவனிடம் பேசியதைப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் எழுதிக்கொடுத்ததைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறாய். அதனால்தான் இதை நேராகவே கேட்கிறேன். நீ மேடையில் சொல்லப்போவது யாருடைய உடம்பைப் பற்றி?

உன் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக அவனை அறுபது குடும்பத்தின் முன்னால் நிறுத்தாதே. கூட்டம் முடிந்ததும் நீ நிம்மதியாக வீட்டுக்கு வருவாய். அவன் திங்கட்கிழமை அதே பிள்ளைகளோடு பஸ் ஏற வேண்டும். எனக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை. ஜெயந்தின் பெயரைச் சொன்னால் என் வகுப்பு மறுநாளே திரும்ப வந்துவிடும். அந்த ஆசையை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவனைக் கேள். சொல்லலாம் என்றால் சொல். வேண்டாம் என்றால் ஏன் என்று திருப்பிக் கேட்காதே.

மாதங்கி

கார்டன் ரீச்,
11 மே 2025

அன்புள்ள மாதங்கிக்கு,

கேட்டேன். "வேண்டாம்" என்றான். ஏன் என்று கேட்கவில்லை.

பொதுக்குழுவில் எழுந்து, போன வருஷம் அனுப்பிய மனு தவறு, அதைத் திரும்பப் பெற வேண்டும், பையன்களுக்கும் சேர்த்து வகுப்பு நடக்க வேண்டும் என்றேன். "போன வருஷம் தப்பா இருந்தது இந்த வருஷம் எப்படி சார் சரியாச்சு?" என்று ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது, சொல்ல அனுமதி இல்லை. "யோசிச்சுப் பாத்தேன், தப்புன்னு பட்டுது" என்றேன். எனக்கே நொண்டிச் சாக்காகக் கேட்டது.

சிவலிங்கம் சார் சிரித்தார். "தங்கச்சிக்கு வேலைல சிக்கல்போல. அண்ணன் பாசம், வேற ஒண்ணுமில்ல" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. ஒருவர், நான் மன்றத்தை உன் அலுவலகத்துக்கு விற்றுவிட்டதாகவே சொன்னார். பதினேழு வருஷம் இவர்களோடு பண்டிகை கொண்டாடியிருக்கிறேன். ஒரு வாக்கியம் சொன்னால் அத்தனை பேர் வாயும் அடைத்துப்போகும். நாக்கு நுனிவரை வந்தது. கடைசி வரிசையில் ஜெயந்த் உட்கார்ந்திருந்தான். அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது உன் அண்ணி எழுந்தாள். இந்தப் பதினேழு வருஷத்தில் பொதுக்குழுவில் அவள் பேசியதே இல்லை. "என் புள்ளைக்கு உடம்புல எங்க வலிச்சாலும் என்கிட்ட சொல்லணும். அதுக்கு வார்த்த எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. மாதங்கி கத்துக்குடுக்கட்டும். உங்க பிள்ளைங்க எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லுதுங்கன்னா நீங்க கைதூக்க வேண்டாம்" என்றாள். முதலில் பெண்கள் பக்கம்தான் கை தூக்கினார்கள். இருபத்தொன்பதுக்கு இருபத்துநாலு. அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வகுப்பு முதலில் நடக்க வேண்டும் என்று நான் ஒரு வரி சேர்த்தேன், அதுவும் நிறைவேறியது.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். உன் அலுவலகத்துக்கு என் பெயரில் தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். மனுவில் எழுதிய வாக்கியம் பொய் என்று அதில் இருக்கிறது. அதனால் உன் பழைய வேலை திரும்பக் கிடைக்குமோ தெரியவில்லை.

வாஞ்சிநாதன்

நியூ டவுன்,
13 ஜூலை 2025

அண்ணா,

நேற்றோடு நாலு சனிக்கிழமையும் முடிந்தன. வாராவாரம் ஹாலில் உன்னைப் பார்த்தேன், நாற்காலி தூக்கிப் போட்டாய், டீ வாங்கி வந்தாய். இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எழுதியே பழகிவிட்டோம் போல.

அப்பாக்கள் வகுப்புக்கு ஒன்பது பேர் வந்தார்கள். பலகையில் இருந்த பெயர்களை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன். எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நீ முதலில் சொன்னாய். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வகுப்பு முடிந்ததும் ஒருவர் தங்கி, இரண்டு வருஷமாகத் தனக்கு இருக்கும் ஒரு கட்டியைப் பற்றிக் கேட்டார். வீட்டில்கூடச் சொன்னதில்லையாம். டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். யார் என்று எழுத மாட்டேன், நீயும் யோசிக்காதே.

மூன்றாவது சனிக்கிழமை பையன்கள் பதினோரு பேர். ஜெயந்த் ஜன்னலோரம் இருந்தான். குறிப்பின் நாலாவது வரி வந்தபோது நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை. முடியவில்லை. எல்லாரும் போன பிறகு வந்தான்.

"அத்தை, இந்தப் பாடம் போன வருஷமே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப ஏன் எடுக்கல?"

உன்மேல் பழியைப் போட ஒரு நொடி போதும். "வேணாம்னாங்க. நான் விட்டுக்கொடுத்துட்டேன், ஜெயந்த். விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது" என்றேன்.

தலையை ஆட்டினான். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பலகையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து அந்த முகம் என்னோடு இருக்கிறது. மற்ற பத்துப் பேருக்கும் நல்லது செய்தோம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அது உண்மைதான். ஆனால் அவன் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

உன் எண்ணைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். போன் செய்யலாம்.

மாதங்கி

கார்டன் ரீச்,
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாதங்கிக்கு,

போன் செய்யலாம் என்று எழுதியிருந்தாய். இதைப் போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய், நானும் உளறுவேன். அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை ஆபீசுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஜெயந்த் கதவருகில் வந்து நின்றான்.

"அப்பா, முழுங்கினா தொண்ட வலிக்குது. காதுகிட்டயும் வலிக்குது. நேத்து சாயந்தரத்துலேந்து."

எப்போது ஆரம்பித்தது, எத்தனை மணி, வாந்தி உண்டா, வேறு எங்காவது வலிக்கிறதா, மறைக்காமல் சொல் என்று மேலே மேலே கேட்டேன். சட்டைப் பொத்தானைப் பாதி போட்டபடி வாசலுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினேன். அவன் பல்கூடத் தேய்க்கவில்லை. உன் அண்ணி பின்னாலேயே பர்சை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். டாக்டர் இன்னும் வரவில்லை என்று கம்பவுண்டர் சொன்னபோது அவரிடம் சண்டை போட்டேன். நாற்பது நிமிஷம் காத்திருந்ததில் கடிகாரத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். மழைக்காலத் தொண்டைக்கட்டு, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் போதும் என்றார். நான் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்தார். ஜெயந்தும் பார்த்தான்.

வெளியே வந்ததும் அவன் சிரிக்க ஆரம்பித்தான். நின்று, சுவரில் சாய்ந்து சிரித்தான். ஜனவரிக்கு அப்புறம் அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. "அப்பா, வெறும் ஜலதோஷம். நீங்க அந்த ஆள அடிக்கப் போயிட்டீங்க" என்றான். உன் அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

அவன் கால்பந்துக்கு இன்னும் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை, நான் மறக்கவும் இல்லை. மறக்கும்படி இனி எதுவும் நடக்கும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. ஆபீசுக்கு அன்று பதினோரு மணிக்குத்தான் போனேன். ஏன் தாமதம் என்று கேட்டார்கள். பையனுக்குத் தொண்டை வலி என்றேன். அதற்கா இவ்வளவு நேரம் என்றார்கள். ஆமாம் என்றேன்.

அடுத்த ஞாயிறு சாப்பிட வா. அவன் உன்னைக் கேட்டான்.

வாஞ்சிநாதன்